டிவிய ஆஃப் பண்ணா அழுவுறான், என்ன பண்றது?

கேள்வி: எங்க பையனுக்கு 4 வயசு. கார்ட்டூன் ஓடுனாத்தான் சாப்புட வாயத் தொறக்குறான், ஆஃப் பண்ணா தரையில பொரண்டு அழுவுறான். மாமியார் "புள்ளைய அழ வுடாத, போட்டு வுடு"ன்றாங்க. கட்டுப்படுத்தலாமா அக்கா?
- ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

பதில்: கண்டிப்பா கட்டுப்படுத்தணும்மா. நானும் ராயபுரத்துல ஒரே ரூம் வீட்ல ரெண்டு புள்ளைங்கள வளத்தவதான், சோறு பொங்குற எடமும் டிவி இருக்குற எடமும் ஒண்ணுன்னா புள்ள எங்க போவும், ஒன் கஷ்டம் புரியுது. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிட்டாங்க, 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், இன்னும் கொறைச்சா நல்லதுன்னு. டிவி பாத்துக்கினே சாப்ட்டா வயிறு நெறைஞ்சதே புள்ளைக்குத் தெரியாது. என் சின்னவ இட்லிய மெல்லாம அப்டியே கன்னத்துல அடக்கிக்கினு கண்ணு கொட்டாம பாத்துக்கினு இருப்பா, இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

ஒரே நாள்ல புடுங்காத. மொதல்ல சாப்பாட்டு நேரத்துல மட்டும் நிறுத்து. மத்த நேரத்துல "இந்த ஒண்ணு முடிஞ்சதும் ஆஃப்"னு முன்னாடியே சொல்லிட்டு, முடிஞ்சதும் ரிமோட்ட அவன் கையில குடுத்து அவனையே ஆஃப் பண்ண வையி. கொஞ்ச நாள் அழுவான், அப்ப பாட்டியும் ஒன் பக்கம் நிக்கணும், அதனால அத்தைகிட்ட இப்பவே பொறுமையா பேசிடு. தூங்குறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி டிவி, செல்போன் ரெண்டும் வேணாம். வெயில் தாழ்ந்ததும் காசிமேடு பக்கம் கூட்டிக்கினு போயி படகுங்கள காட்டு. நீயும் அவன் முழிச்சிருக்குற நேரத்துல சீரியல் போடாதம்மா. எப்டி இருக்கான்னு மறக்காம எழுது.