தெளிவான படம் தந்த பீற்றாமக்ஸ் தோற்று, விஎச்எஸ் வென்றது ஏன்?

பீற்றாமக்ஸும் விஎச்எஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வீடியோக் கசற் முறைகள். டெக், அதாவது வீடியோக் கசற் ஓட்டும் கருவி, வாங்கப் போனவர் படத்தின் தெளிவை முதலில் கேட்கவில்லை. ஒரு கசற்றுக்குள் படம் அடங்குமா, அயல்வீட்டுக் கசற் என் டெக்கில் ஓடுமா என்றுதான் கேட்டார்.

1975இல் சோனி கொண்டுவந்த பீற்றாமக்ஸ் கசற்றில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். மறு ஆண்டு ஜேவிசியின் விஎச்எஸ் இரண்டு மணி நேரத்துடன் வந்தது. பீற்றாவும் பிறகு நேரத்தைக் கூட்டியது. ஆனால் அதற்குள் ஹிற்றாச்சி, ஷார்ப் போன்ற பல நிறுவனங்கள் விஎச்எஸ் பக்கம் சேர்ந்துவிட்டன. விலை இறங்கியது. வாடகைக் கடைக்காரர் அதிகம் பேர் கேட்டதையே அடுக்கினார். கடையில் இருந்ததற்கு ஏற்ற டெக்கையே அடுத்தவர் வாங்கினார். 1988இல் சோனியே விஎச்எஸ் டெக் செய்யத் தொடங்கியது.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், இலங்கையின் வன்னியில் உள்ள புதுக்குடியிருப்பில், டெக்கையும் ரீவியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போடுவோம். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் எரிபொருள் பொன்னுக்குச் சமம். கசற் சிக்கினால் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் விரலை விட்டு நாடாவைச் சுற்றுவோம். மூன்று மணி நேரக் கசற்றில் முழுத் தமிழ்ப்படமும் அடங்கியது எங்களுக்குப் பெரிய வசதி.

நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நாடாவுக்குப் பதில் தட்டில் படம் பதிந்த விசிடி தோற்றிருக்க வேண்டும். 1993இல் வந்த அந்தத் தட்டில் 74 நிமிடம்தான். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. படமும் விஎச்எஸ்ஸை விடத் திறமில்லை. ஆனாலும் ஆசியா முழுவதும் அது ஓடியது. தட்டு மலிவு, பூஞ்சணம் பிடிக்கும் நாடா இல்லை, ஒரு பகுதியில் விற்ற தட்டு இன்னொரு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி டிவிடிக்கு வைத்த பிராந்தியப் பூட்டும் அதற்கு இல்லை.

2002இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 நெடும்பாதை திறந்தபின் கனடாவிலிருந்து சித்தியின் மகளின் கலியாணக் கசற் வந்தது. அங்கே பதிந்தது வட அமெரிக்காவின் என்ரிஎஸ்சி என்ற ரீவி முறையில். எங்கள் பழைய டெக் அதற்கானதல்ல. படம் மேலும் கீழுமாக உருண்டது, சித்தியின் குரல் இழுபட்டது. அம்மா ரீவியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சில மாதங்கள் கழித்து அதே கலியாணம் இரண்டு விசிடித் தட்டில் வந்தது. கிளிநொச்சியில் வாங்கிய மலிவான பிளேயரில் முதல் தடவையிலேயே ஓடியது. தாலி கட்டும் இடத்தை மட்டும் அம்மா நான்கு தரம் போடச் சொன்னார்.