காசு கொடுத்து மர நிழலா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பாலக்காட்டில் ஃபிளாட்டில் இருக்கும் மருமகள், ஞாயிறு வந்தால் பேரனைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கத்துப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறாள். தோப்புக்கு வா என்றால் சாக்குச் சொல்கிறாள். இங்கே இல்லாத மரமா அங்கே?
(ஒரு மாமியார், கொழிஞ்சாம்பாறை)

பதில்: மரம் உங்களிடம்தான் அதிகம், அம்மா. ஆனால் தோப்புக்குள் கால் வைத்ததும் உங்கள் கண் எங்கே போகும்? மோட்டார் ஓடுகிறதா, மட்டை எங்கே விழுந்தது, கள் இறக்க ஆள் வந்தாரா! மருமகளுக்கோ அங்கே அடுப்படி, அக்கம்பக்கத்து விசாரிப்பு, அப்புறம் (கோபிக்காதீர்கள்) நீங்கள். பூங்காவில் விழுகிற மட்டையை அவள் இழுத்துப் போட வேண்டியதில்லை.

சாயங்காலம் நானும் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிறவள்தான். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை. எதிரியை நிறுத்த வெட்டிய அகழி, இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களை நடக்க வைக்கிறது. அங்கே வேலை முடிந்து வரும் ஒரு பெண், செருப்பைக் கழற்றிவிட்டு, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள். கணவாய்க் காற்றில் முந்தானை பறந்தாலும் இழுத்துச் செருகமாட்டாள். சுற்றிலும் அத்தனை பேர். யாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டாம். தோப்பில் இது கிடைக்குமா?

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஃபோண்டல் பூங்காவுக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டு 2004-ல் வெளியான ஆய்வில், 100-க்கு 70 பேருக்கு மேல் சொன்ன காரணம், மனசு ஆற. விளையாட்டெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அடுத்த ஞாயிறு நீங்களும் கூடப் போங்கள். பேரனை நீங்கள் பார்த்துக்கொண்டால், அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவாள்.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு நேரம் பூங்காவில் இருந்தால் உடம்புக்கு நல்லது?
(வாசகர், சித்தூர்)

பதில்: இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் என்கிறது. ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி. ஆனால் போனதால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருப்பவர்கள்தான் போகிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. தவிர, அது இங்கிலாந்து வெயில். பாலக்காட்டு மார்ச், ஏப்ரலில் காலை 8 மணிக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் 5 மணிக்கு மேல்.