நெபுலைசரில் ஸ்டீராய்டு: பிள்ளைக்குத் தொடர்ந்து வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது, 12 கிலோ இருக்கிறான். சளி பிடித்தாலே இளைப்பும் வந்துவிடுகிறது. ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் ஒரு வேளை புடசனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை 0.5 மி.கி. நெபுலைசரில் வைக்கச் சொன்னார் மருத்துவர். மாஸ்க்கைப் பார்த்தாலே அலறுகிறான். அதனால் தூங்கும்போது மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன். பத்து நாளில் இருமல் நின்றதும் நிறுத்திவிட்டேன், மறுபடியும் இளைப்பு. ஸ்டீராய்டு கொடுத்தால் வளர மாட்டான், பழகிப்போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். தொடரலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் கொடுக்கும் விதத்தை மாற்றியாக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மருந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் சரியாகப் போய்ச் சேரவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

மாஸ்க் முகத்தில் ஒட்டாமல் ஒரு விரல் தள்ளி இருந்தாலே மருந்தில் கணிசமான பகுதி காற்றில் கலந்துவிடும். கொஞ்சம் கண்ணிலும் கன்னத்திலும் படியும். அலறும்போது வைப்பதிலும் பலனில்லை. அழுகிற பிள்ளை மூச்சை நீளமாக வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கும். மருந்து தொண்டையிலேயே படிந்து வயிற்றுக்குப் போய்விடும். தூங்கும்போது மாஸ்க்கை நன்றாகப் பதித்து வைத்தும் அவன் அசையாமல் இருந்தால் சரி. பெரும்பாலான பிள்ளைகள் விழித்துக்கொண்டு தட்டிவிடுவார்கள்.

ஆகவே விழித்திருக்கும்போதே பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் மருந்தில்லாமல் வெறும் மாஸ்க்கை விளையாடக் கொடுங்கள். பொம்மைக்குப் போடட்டும், உங்களுக்கும் போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் அவன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும்படி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடிக் கன்னத்தில் படியும்படி பிடியுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் புகை நின்றுவிடும். அதுவரை ஒரு கதை போதும்.

புடசனைடு தண்ணீரில் கரைவதில்லை, அடியில் தங்கிவிடும். குப்பியைத் திறக்கும் முன் மெதுவாகக் குலுக்குங்கள். இதற்கு இரைச்சலோடு ஓடும் கம்ப்ரஸர் நெபுலைசர்தான் சரி. அல்ட்ராசோனிக் வகையில் இந்த மருந்து ஒழுங்காக வராது. முடிந்ததும் முகத்தைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்கவையுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

அடுத்து, பத்து நாளில் நிறுத்தியது. புடசனைடு மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் தடுப்பு மருந்து. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும். இருமல் நின்ற பிறகும் உள்ளே வீக்கம் மிச்சமிருக்கும். அடுத்த சளிக்கு அது கிளம்பிவிடும். நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டினால், நோய் கட்டுக்குள் இருக்கும்போது அவரே குறைந்த அளவுக்குக் கொண்டுவருவார்.

வீட்டார் பயத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. புடசனைடு அடிமைப்படுத்தும் மருந்து அல்ல, அதனால் பழகிப்போகும் என்ற பயம் வேண்டாம். உயரத்தைப் பற்றிய கவலையில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் தினமும் 400 மைக்ரோகிராம் புடசனைடை உறிஞ்சும் கருவியில் கொடுத்து, அவர்கள் பெரியவர்களானதும் அளந்து பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: மருந்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைவு. ஆகவே தேவையான குறைந்த அளவே போதும். உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வையுங்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். கடுமையான இளைப்பு வந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை வாய்வழியாகத் தருவோம்: கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., அதாவது உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 24 மி.கி. அது உடல் முழுக்கச் சுற்றும். புடசனைடு மி.கி. கணக்கில் வீரியம் கூடியதுதான். ஆனால் கிண்ணத்தில் ஊற்றும் 0.5 மி.கி.யில் ஒரு பகுதிதான் பிள்ளைக்குள் போகிறது. விழுங்கியதில் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரலே அழித்துவிடும். அடிக்கடி இளைப்பு வந்து அடிக்கடி வாய்வழி ஸ்டீராய்டு கொடுக்க நேர்வதுதான் எனக்குக் கவலை தருகிறது.

உங்கள் மருத்துவரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். ஒன்று, இன்ஹேலரும், அதிலிருந்து வரும் மருந்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேசர் என்ற மாஸ்க் பொருத்திய குழாயும். இந்த வயதுக்கு நான் முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான். இரைச்சல் இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றொன்று, சளி இல்லாத நாட்களில் மகன் முற்றிலும் நன்றாக இருக்கிறானா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட சிறு பிள்ளைகளில் சிலருக்குத் தினமும் 0.5 மி.கி. வைப்பதற்குப் பதில், சளி தொடங்கும்போது மட்டும் ஏழு நாள் கூடுதல் அளவு வைப்பதும் ஏறக்குறைய அதே பலன் தந்ததை 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. இவனுக்கு அது பொருந்துமா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

திடீரென்று இளைத்தால் புடசனைடு கைகொடுக்காது, மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துதான் வேண்டும். அது எப்போதும் வீட்டில் இருக்கட்டும். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், பேசவோ குடிக்கவோ முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை துவண்டு மயங்கினால், அல்லது சால்பியூட்டமால் வைத்து மூன்று மணி நேரத்துக்குள் மறுபடியும் தேவைப்பட்டால், அதைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.