துறைமுகத்துக்காக எங்கள் நிலத்தை எடுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, பாகான் பக்கம் மாமனார் விட்டுப்போன கால் ஏக்கரில் குடியிருக்கிறோம். கிராண்டு, அதாவது நிலப் பட்டா, என் கணவர் பெயரில் இருக்கிறது. துறைமுகத்துக்குக் கிடங்கு கட்ட இந்த வரிசை நிலங்களை எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. துறைமுக ஆணையம் நினைத்தால் எங்களைக் கிளப்பிவிட முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆணையம் தானாக எடுக்க முடியாது, அம்மா. பினாங்குத் துறைமுக ஆணையம் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரம்தான் அதற்கு உண்டு. தன் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்தைக் கண்காணிக்கலாம். மலேசிய அரசியலமைப்புப்படி துறைமுகம் கூட்டரசின் (மத்திய அரசின்) பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு.

அதற்காக அசந்துவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம் மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நல்லது என்று மாநில அரசு கருதினால், ஒரு நிறுவனத்துக்காகக்கூட தனியார் நிலத்தை எடுக்கலாம் என்று 1991-இல் திருத்தம் வந்தது. கிடங்கும் அதில் அடங்கிவிடக்கூடும். எடுத்த நிலத்தைப் பிறகு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் கையகப்படுத்தல் செல்லும் என்கிறது 68ஏ பிரிவு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

ஆகவே, நீங்கள் விடாமல் பிடிக்கவேண்டியது இழப்பீட்டை. போதிய இழப்பீடு தராமல் சொத்தை எடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. நில அலுவலகத்திலிருந்து 'ஈ' (E) போராங், அதாவது படிவம், வந்தால் இழப்பீட்டு விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கட்டாயம் போங்கள். எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கையும் கையில் இருக்கட்டும். உரிய நேரத்தில் கோரிக்கை வைக்காதவர் பிறகு ஆட்சேபிக்க முடியாது. 'கவர்மெண்டு கொடுக்கிறதைக் கொடுக்கட்டும்' என்று நம் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

தொகை போதாதா? ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதிவிட்டுப் பணத்தை வாங்குங்கள். விசாரணைக்குப் போனவர்களுக்கு, நில அலுவலகம் இழப்பீட்டைத் தீர்மானித்த தேதியிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். அதற்குள் ஆட்சேபத்துக்கான 'என்' (N) போராங்கைக் கொடுத்தால் விஷயம் உயர்நீதிமன்றத்துக்குப் போகும்.

சரி, இப்போது என்ன செய்வது? நில அலுவலகத்தில் உங்கள் கிராண்டுக்கு ஒரு தேடல் எடுங்கள், அதாவது நிலப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தை எடுக்கப்போவதாக அறிவிக்கும் 'டி' (D) போராங் கெஜட்டில் (அரசிதழில்) வந்திருந்தால் அந்தப் பதிவேட்டில் குறிப்பு இருக்கவேண்டும். 'ஆணையம் எடுக்கப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்' என்று புரோக்கர் யாராவது மலிவு விலையோடு வந்தால், அந்தத் தேடலைப் பார்க்காமல் உங்கள் கணவர் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.