சர்வாதிகாரி போல் போட்டை விரட்ட வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது நியாயமா?

புகுந்தது நியாயம்தான். ஆனால் இந்தப் பதிலை எங்கள் வீட்டில் சொன்னால் அப்பா சண்டைக்கு வருவார்.

1979-ல் அவர் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில் இருந்தார். இன்றைக்கு புனோம் பென், நாளைக்கு பேங்காக், அப்புறம் நாமதான் என்று முகாமில் பேசிக்கொள்வார்களாம். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் புகுந்து ஆட்சியை மாற்றுவதை ஒருமுறை ஒப்புக்கொண்டால் சிங்கப்பூர் கதி என்ன என்பதுதான் அன்றைய அரசின் வாதமும். ராஜரத்னமும் அவருக்குப் பின் தனபாலனும் வெளியுறவு அமைச்சர்களாக இருந்து அதை ஐநா வரை கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் தமிழர்கள் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. 1983-ல் கிரெனடாவுக்குள் அமெரிக்கா புகுந்தபோதும் சிங்கப்பூர் கண்டித்துத்தானே ஓட்டுப் போட்டது என்பார். அந்த நேர்மையை நானும் மதிக்கிறேன்.

வியட்நாம் ஒன்றும் புண்ணியம் தேடிப் போகவில்லை. கம்போடியாவை ஆண்ட போல் போட்டின் கெமர் ரூஜ் இயக்கத்துப் படை எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களைத் தாக்கிக்கொண்டே இருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொன்றது. அந்த ஆண்டு டிசம்பர் 25-ல் வியட்நாம் முழுப் படையோடு இறங்கியது; ஜனவரி 7-ல் கம்போடியத் தலைநகர் புனோம் பென் விழுந்தது. நோக்கம் எதுவாக இருந்தால் என்ன? நான்கு வருஷம்கூட ஆகாத போல் போட் ஆட்சியில் 1.5 முதல் 2 மில்லியன் பேர் செத்திருந்தார்கள். அதை நிறுத்த வேறு யாரும் வரவில்லை.

பத்து வருஷம் அங்கேயே உட்கார்ந்தது வேறு விஷயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். உடனே கிளம்பியிருந்தால் தாய்லாந்து எல்லையில் பதுங்கியிருந்த கெமர் ரூஜ் திரும்பி வந்திருக்கும் என்பதும் உண்மை.

எனக்கு ஜீரணிக்க முடியாதது ஐநா நாற்காலி. துரத்தப்பட்ட பிறகும் கம்போடியாவின் இடம் போல் போட் தரப்பிடமே இருந்தது. 1982-ல் முன்னாள் மன்னர் சிஹானூக்கையும் முன்னாள் பிரதமர் சோன் சானையும் சேர்த்துக் கூட்டணி என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு ஆதரவு திரட்டியதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. படையெடுப்பைக் கண்டிப்பது சரி. அதற்காகக் கொலைகாரனுக்கு நாற்காலியா? காலியாக விட்டிருக்கலாமே.

சில வருஷம் முன்பு புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் போனேன். பள்ளிக்கூடமாக இருந்து கெமர் ரூஜ் காலத்தில் சிறையான இடம். வகுப்பறைத் தரையில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓடு, நடுவில் ஒரு இரும்புக் கட்டில், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கோப்பி ஓ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் படிச்ச ஸ்கூல்லயும் இதே மாதிரி ஓடுதான்டா," என்றார்.

அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருந்தாலும் அது படையெடுப்புதான்."