ஃப்ளாஷ்பேக் டெக் ஏன் ஜெயிக்கவில்லை? கேள்வி பதில்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் பிடித்த மெக்கானிக் (கார்டு வேலை செய்யும் முறை) ஒன்றை நடுவில் வைத்து, நண்பர்களோடு ஆட 60 கார்டு டெக் (கார்டுக் கட்டு) கட்டுவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். போட்டி டெக் பற்றிக் கேட்க வேண்டாம், அது என் துறை இல்லை.

கேள்வி: ஃப்ளாஷ்பேக் என்றால் எனக்கு உயிர். நீலத்திலும் சிவப்பிலும் என்னிடம் இருந்த ஃப்ளாஷ்பேக் கார்டுகள் 40, லேண்ட் (கார்டு போடத் தேவையான மேனாவைத் தரும் கார்டு) 20 என்று டெக் போட்டேன். ஆட ஆசையாக இருக்கிறது, ஆனால் ஜெயிப்பதே இல்லை. எங்கே தப்பு?

பதில்: 2001-இல் ஒடிஸி செட்டில் வந்த நாளிலிருந்து எனக்கும் பிடித்த மெக்கானிக் இது. கிரேவ்யார்டில், அதாவது போட்டு முடிந்த கார்டுகள் சேரும் குவியலில், கிடக்கும் ஸ்பெல்லை வேறொரு விலை கொடுத்து இன்னொரு முறை போடலாம், அப்புறம் அது எக்ஸைல் ஆகிவிடும், ஆட்டத்தை விட்டே போய்விடும். அதாவது ஒரு கார்டு இரண்டு கார்டு வேலை செய்கிறது. நல்லதுதான், ஆனால் அது மட்டும் எதிராளியின் 20 உயிரைக் குறைக்காது. உங்கள் டெக்கில் ஃப்ளாஷ்பேக் செய்யும் கார்டு 40 இருக்கிறது. ஃப்ளாஷ்பேக் செய்ததற்குப் பலன் தரும் கார்டு ஒன்றுகூட இல்லை.

பர்னிங் வெஞ்சன்ஸ் தேடுங்கள். மூன்று மேனா என்சான்ட்மென்ட், அதாவது மேசையில் தங்கி வேலை செய்யும் கார்டு. கிரேவ்யார்டிலிருந்து நீங்கள் ஸ்பெல் போடும் ஒவ்வொரு முறையும் 2 டேமேஜ். இதை நான்கு போட்டால் முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. அதே மாதிரி பலன் தரும் கார்டு மொத்தம் எட்டு இருந்தால் 65 சதவீதம். பன்னிரண்டு என்றால் 81. எட்டு போதும் என்பேன். அடுத்த நான்கால் ஏறுவது 16 சதவீதம்தான், அதற்காக நான்கு இடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது. வெஞ்சன்ஸ் நான்கோடு சீக்ரெட்ஸ் ஆஃப் தி டெட் நான்கு வையுங்கள். அது டேமேஜுக்குப் பதில் ஒரு கார்டு தரும்.

மற்றவை, தன்னையோ பிறரையோ கிரேவ்யார்டுக்குத் தள்ளும் மலிவான கார்டுகளாக இருக்கட்டும். ஃபெய்த்லெஸ் லூட்டிங் ஒரே மேனாவில் இரண்டு எடுத்து இரண்டை எறியச் சொல்கிறது. எறிவது ஃபயர்போல்ட் மாதிரி ஃப்ளாஷ்பேக் கார்டு என்றால் அது நஷ்டமே இல்லை, பின்னால் எடுக்கச் சேர்த்துவைத்த மாதிரி.

லேண்ட் 24 வையுங்கள். ஃபயர்போல்ட் கையிலிருந்து ஒரு மேனா, ஃப்ளாஷ்பேக்கில் ஐந்து. திங்க் ட்வைஸ் முதலில் இரண்டு, பிறகு மூன்று. ஒரே கார்டுக்கு இரண்டு முறை மேனா கட்டுகிற டெக்கில் லேண்டைக் குறைத்தால் பாதி டெக் கிரேவ்யார்டிலேயே தங்கிவிடும்.

கேள்வி: ஃப்ளாஷ்பேக்கில் போட்ட ஸ்பெல்லை எதிராளி கவுண்டர் செய்தால் (பலிக்காமல் தடுத்தால்) திரும்ப கிரேவ்யார்டுக்கு வருமா?

பதில்: வராது, எக்ஸைல்தான். ஆனால் வெஞ்சன்ஸின் 2 டேமேஜ் போய்ச் சேரும். போட்ட உடனேயே அது கிளம்பிவிடுகிறது.

கேள்வி: சைக்கிளிங் டெக்கில் 18 லேண்ட் போதும்தானே? கார்டு எடுத்துக்கொண்டே இருப்போமே.

பதில்: சைக்கிளிங் என்பது மேனா கொடுத்து, கையில் உள்ள கார்டை எறிந்து வேறொன்று எடுப்பது. எடுப்பதற்கும் மேனா வேண்டுமே. பலன் கார்டு லைட்னிங் ரிஃப்ட் என்றால் ஒவ்வொரு சைக்கிளிங்குக்கும் மேலே ஒரு மேனா கேட்கும். இரண்டு மேனா சைக்கிளிங் அப்படி மூன்றாகிறது. ஒரு மேனாவில் சைக்கிள் ஆகும் கார்டுகள் நிறைய இருந்தால் மட்டும் 24-இல் ஒன்றிரண்டு குறையுங்கள்.

கேள்வி: கேஸ்கேட் டெக்கில் கவுண்டர்ஸ்பெல் எத்தனை வைக்கலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். கேஸ்கேட் என்பது போட்ட ஸ்பெல்லைவிட விலை குறைந்த ஒன்று டெக்கின் மேலிருந்து கிடைத்ததும் அதை இலவசமாகப் போடுவது. எப்போது, எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் டர்னில் கவுண்டர்ஸ்பெல் புரண்டு வந்தால் கவுண்டர் செய்ய உங்கள் ஸ்பெல்தான் இருக்கும். விலையில் எக்ஸ் உள்ள கார்டும் வேண்டாம், இலவசமாகப் போடும்போது எக்ஸ் பூஜ்யம்.

கேள்வி: லேண்ட்ஃபால் டெக்குக்கு எத்தனை லேண்ட்?

பதில்: லேண்ட் இறங்கினால் பலன் தரும் மெக்கானிக்குக்குமா குறைக்கப் பார்க்கிறீர்கள்? 24-க்குக் கீழே போகவே வேண்டாம், 26 வரை வையுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். வெஞ்சன்ஸ் போட்டேன், ஜெயித்தேன். உடனே நண்பன் ரெஸ்ட் இன் பீஸ் கொண்டுவந்துவிட்டான். இரண்டு மேனாவில் என் கிரேவ்யார்டே காலி, அதன் பிறகு எதுவும் அங்கே போவதும் இல்லை. காஷுவல் ஆட்டத்தில் இது நியாயமா?

பதில்: எனக்கும் பிடிக்கவில்லை. டார்மாட்ஸ் கிரிப்ட் போட்டால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போகும், நீங்கள் மறுபடி சேர்க்கலாம். ரெஸ்ட் இன் பீஸ் கதவையே பூட்டிவிடுகிறது. இறங்கிவிட்ட என்சான்ட்மென்டை அழிப்பது நீலத்துக்கும் சிவப்புக்கும் பெரும்பாடு. அவரிடம் நேராகப் பேசுங்கள், கிரிப்டுக்கு மாறச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்த நண்பன் நான். வெஞ்சன்ஸ் வந்த பிறகு ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றேன். என் கார்டை எடுக்கச் சொல்கிறீர்கள், அவன் டெக் ஒரே காலில் நிற்பதைச் சொல்லவில்லையே?

பதில்: சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டது சரி.

கேள்வி: நான் மூன்றாம் ஆள். தடுக்கிற கார்டே இல்லாமல் ஆடுவதுதானே காஷுவல்? அவரவர் டெக் செய்வதைச் செய்யட்டும்.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. தடுக்க யாரும் இல்லையென்றால் வேகமான டெக்தான் எப்போதும் ஜெயிக்கும். ஃப்ளாஷ்பேக் மாதிரி மெதுவாகச் சேர்க்கிற மெக்கானிக்குகள் முதலில் சாகும். அந்த மேசையில் ஆட எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது, தடுத்தாலும் டெக்குக்கு ஏதாவது செய்ய வழி இருப்பது.

அதனால் முதல் பதிலைத் திருத்துகிறேன். சீக்ரெட்ஸ் ஆஃப் தி டெட் நான்கையும் எடுத்துவிட்டு யங் பைரோமான்சர் நான்கு போடுங்கள். இரண்டு மேனா கிரியேச்சர். நீங்கள் இன்ஸ்டன்ட்டோ சார்சரியோ (ஒருமுறை வேலை செய்துவிட்டுப் போகும் ஸ்பெல்கள்) போடும்போதெல்லாம் 1/1 டோக்கன் (குட்டிக் கிரியேச்சர்) ஒன்று தரும். ஃபயர்போல்ட் கையிலிருந்து போனால் ஒரு டோக்கன், ஃப்ளாஷ்பேக்கில் இன்னொன்று. ரெஸ்ட் இன் பீஸ் இறங்கியிருந்தாலும் முதல் டோக்கனை அது தடுக்காது. சீக்ரெட்ஸை நான் சொன்னதே தப்பு. வெஞ்சன்ஸ் விழுகிற அதே அடியில் அதுவும் விழுகிறது.

நண்பருக்கு: ரெஸ்ட் இன் பீஸை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வேண்டாம், இரண்டு போதும்.

கேள்வி: எதிராளியின் கார்டுகளைக் காலி செய்யும் மில் டெக்கில், அவருடைய லைப்ரரியின் (கார்டு எடுக்கும் குவியல்) கடைசிக் கார்டு போனதும் ஜெயித்தேனா?

பதில்: இல்லை. காலியான லைப்ரரியிலிருந்து அவர் கார்டு எடுக்க வேண்டி வரும்போதுதான் தோற்பார்.

கேள்வி: கமாண்டர் என்ற ஆட்ட வகையில் இதே கணக்கா?

பதில்: இல்லை. 100 கார்டு, பேசிக் லேண்ட் தவிர எல்லாம் ஒவ்வொன்றுதான். பலன் தரும் கார்டையே கமாண்டராக (தனியே வைக்கும் தலைமைக் கார்டாக) வையுங்கள், அது எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கும். மற்றதைக் கமாண்டர் ஆடுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிக்கர் டெக்கில் 21 லேண்ட்...

பதில்: 24. கிக்கர் என்பது மேலே மேனா கொடுத்துக் கூடுதல் பலன் பெறுவது. மேலே கொடுக்க மேனா இல்லையென்றால் கிக்கர் ஏது?

கேள்வி: ஃப்ளாஷ்பேக் ஆள் மறுபடியும். அப்படியானால் கடைசியாக எதை வைக்க, எதை எடுக்க?

பதில்: வெஞ்சன்ஸ், பைரோமான்சர், லூட்டிங், திங்க் ட்வைஸ், டெஸ்பரேட் ரேவிங்ஸ், ஃபயர்போல்ட், எல்லாம் நான்கு நான்கு. அது 24. லேண்ட் 24. மீதி 12 இடமும் உங்கள் ஆசைக்கு. அந்த 40-இல் எதைப் பார்த்தால் கை நிற்காதோ அதை வையுங்கள். பத்து ஆட்டம் ஆடுங்கள், தோற்ற ஆட்டங்களில் கையில் போடாமலே தங்கிய கார்டைக் குறித்துவையுங்கள். முதலில் வெளியே போக வேண்டியது அதுதான். அந்த இடத்துக்காக லேண்டில் கை வைக்காதீர்கள்.