பாம்பன் பாலம் தாண்ட ஏழு வாரம்

கேள்வி: எனக்கு 43 வயது. மதுரையில் வைகையின் தென்கரையில் குடியிருக்கிறேன். சிறு வயதிலிருந்தே பாலம் என்றால் எனக்குப் பயம். வண்டி பாலத்தில் ஏறியதுமே நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாதே என்ற எண்ணம் வந்து கண்களை இறுக மூடிக்கொள்கிறேன். வடகரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தரைப்பாலம் வழியாக மட்டுமே போவேன். வெள்ளம் வந்து அதை அடைத்துவிட்டால் போவதே இல்லை. இப்போது அப்பாவுக்குத் திதி கொடுக்கத் தை அமாவாசைக்கு எல்லோரும் ராமேஸ்வரம் போக வேண்டும் என்கிறார் அம்மா. இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. ரயிலோடு கடலில் போனவர்களைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வந்து தூக்கம் கெடுகிறது. தம்பியோ, "தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரயிலில் படுத்துவிடு அக்கா, கண் விழிக்கும்போது கோயில் வாசலில் இருப்பாய்" என்று சிரிக்கிறான். அப்படிச் செய்யலாமா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: வேண்டாம், சகோதரி. மாத்திரையின் மயக்கத்தில் பாலத்தைக் கடந்தால் உங்கள் உடல் மட்டுமே அக்கரை சேரும். பாலத்தின் மீது இருந்தும் ஒன்றும் நேரவில்லை என்ற அனுபவம் மூளையில் பதியாது. திரும்பி வரும்போது அதே பயம் அதே இடத்தில் காத்திருக்கும். மேலும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையின் தள்ளாட்டத்தோடு அக்னி தீர்த்தத்தில் இறங்குவதும், 22 தீர்த்தங்களின் ஈரத் தரையில் நடப்பதும் உண்மையிலேயே ஆபத்தானவை.

உங்கள் பயத்துக்கு ஜெஃபிரோஃபோபியா என்று கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1957-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள மேக்கினா பாலத்தில், ஓட்டப் பயந்து நிற்பவர்களின் காரைப் பாலத்து ஊழியர்களே அக்கரைக்கு ஓட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது என்றால், இந்தத் தொல்லை எத்தனை பேருக்கு இருக்கும் என்று தம்பியிடம் கேளுங்கள். சிரிப்பு கொஞ்சம் அடங்கலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படித்தேன். தரைப்பாலத்தில் உங்களால் போக முடிகிறது. அதற்குக் கீழேயும் வைகைதான் ஓடுகிறது. எனவே உங்களை வாட்டுவது வெறும் தண்ணீர் அன்று. "பாதி வழியில் நின்றுவிட்டால்" என்று எழுதியிருக்கிறீர்களே, முள் குத்தியிருப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன். பாலத்தை வேகமாகக் கடந்துவிடுவதற்கு மட்டும் நீங்கள் பழகினால் போதாது; பாலத்தின் நடுவில் நிற்பதற்கும் பழக வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் இது இன்னும் அவசியம். ஏனெனில், பக்கத்து ரயில் பாலத்தையும் கடலையும் வேடிக்கை பார்ப்பதற்காக வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்துகிறவர்களால், நீங்கள் அஞ்சுகிறபடியே போக்குவரத்து அங்கே நின்றுபோவது உண்டு.

முதல் இரண்டு வாரங்கள், வெயில் தாழ்ந்த நேரத்தில், நடைபாதை உள்ள ஏதாவதொரு வைகைப் பாலத்துக்கு அக்காவோடு நடந்து செல்லுங்கள். முதல் நாள் நாலு தூண் தூரம் போதும். அங்கே நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல், கைப்பேசியைப் பார்க்காமல், பயத்துக்கு 100-க்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். 80 என்று தொடங்கியது 40 வரை இறங்கினால் நல்லது. இறங்காவிட்டாலும் நினைத்த நேரம் முழுவதும் நின்றுவிட்டே திரும்புங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொள்வதும் நின்ற இடத்திலிருந்தே ஓடுவதுதான். அடுத்தடுத்த நாட்களில் நடுப்பாலம் வரை போய் அங்கே பத்து நிமிடம், பிறகு இருபது நிமிடம் நிற்க வேண்டும். அதன் பின் அக்கா இல்லாமல் தனியாக நிற்க வேண்டும்.

அப்படி நிற்கும்போது பேருந்து ஒன்று கடந்தால் பாலம் காலடியில் லேசாக அதிர்வதும், இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது 'தடக், தடக்' என்று சத்தம் வருவதும் உங்களைக் கலங்கடிக்கலாம். அந்த இணைப்புகள் விரிசல் அல்ல; வெயிலில் கான்கிரீட் விரிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளிகள் அவை. விரல் மரத்துப்போவதும் அப்படி விளங்கக்கூடியதுதான். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல இருக்கும். மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து விட்டால் அது தணியும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் வரலாம். இந்தப் பயத்தில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறுமே தவிர இறங்குவதில்லை என்பதால் மயக்கம் வருவது அரிது.

மூன்றாவது வாரத்திலிருந்து வண்டியில் ஏறுங்கள். இதற்கு மதுரையிலேயே ஓர் அருமையான பயிற்சிக்களம் இருக்கிறது. 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் சாலைப் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. பாம்பன் சாலைப் பாலமோ ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்றரை நிமிடத்தில் பாம்பன் முடிந்துவிடும். நத்தம் பாலத்தின் மீது வண்டியை நிறுத்தக்கூடாது, அது விபத்தை வரவழைப்பதாகும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போய்த் திரும்பினால் போதும். வாரத்துக்கு நான்கு முறையாவது செல்லுங்கள். ஒரே நாளில் பலமுறை போனாலும் நல்லதுதான்.

பாட்டியின் கதையைப் பற்றி ஒரு முறை மட்டும் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்தப் பயணிகள் ரயில் அழிந்தது பாலத்தின் மேல் அன்று. பாம்பனைத் தாண்டித் தீவுக்குள், தனுஷ்கோடியை நெருங்கும்போது. 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய ரயில் பாலமும் புயலில் பெரிதும் சிதைந்தது என்பது உண்மையே. ஆனால் சில வாரங்களிலேயே அதைச் சீரமைத்துவிட்டார்கள். இப்போது ரயில்கள் ஓடுவது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில். நான் சொல்லப்போகிறபடி காரில் போனால் நீங்கள் கடப்பதோ 1988 முதல் வண்டிகள் ஓடும் சாலைப் பாலம். இதற்கு மேல் பாலத்தின் உறுதியைப் பற்றி இரவெல்லாம் கைப்பேசியில் தேடாதீர்கள், தம்பியிடமும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஒவ்வொரு உறுதிமொழியும் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

பயணத்துக்கு ரயிலைவிடக் காரையே நான் பரிந்துரைப்பேன். முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, வடக்கே பாக் விரிகுடாவையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் பார்த்தபடியே செல்லுங்கள். உங்களுக்குப் பயம் உண்டு என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அவர் வண்டியை விரட்டக்கூடாது.

இந்தப் பயம் பாலத்தோடு நிற்காமல் திரையரங்கு, கோயில் கூட்டம், நீண்ட வரிசை என்று மற்ற இடங்களிலும் வருகிறதென்றால், அல்லது சும்மா இருக்கும்போதும் நெஞ்சு படபடக்கிறதென்றால், பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டி, தைராய்டு, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14416 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

இதை எழுதலாமா என்று சற்றுத் தயங்கினேன், இருந்தாலும் எழுதுகிறேன். அன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர் வரை வந்த பிறகும் உங்களால் ஏற முடியாமல் போனால், அப்பாவுக்குத் திதி கொடுக்க முடியாமல் போய்விடாது. திருப்புல்லாணிக்கு அருகே சேதுக்கரையிலும், தேவிபட்டினத்திலும் தை அமாவாசையன்று ஆயிரக்கணக்கானோர் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். இரண்டுமே பாலத்துக்கு இந்தப் பக்கம். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அவர் மனதும் ஆறும். ஆனால் காரை ராமேஸ்வரத்துக்கென்றே பேசுங்கள்.